காகேத்தியில் ஒயின் போடும் வீடு

செப்டம்பர் 27
திபிலிசியிலிருந்து சிக்னாகி பக்கம் வந்தாயிற்று. ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதி, காகேத்தி. அலசானி பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைக் கொடிதான். தங்கியிருக்கும் வீட்டில் தாத்தா, மகன், பேரன் என்று எல்லாரும் சேர்ந்து ஒயின் போடுகிறார்கள். மரானி என்கிற ஒயின் கொட்டகையில் பீப்பாய் ஒன்றுகூட இல்லை, தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரிகின்றன. க்வெவ்ரி என்ற பெரிய மண்தாழிகளைக் கழுத்துவரை புதைத்து வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் முதுமக்கள் தாழி ஞாபகம்தான் வந்தது, வெளியே சொல்லவில்லை.

செப்டம்பர் 28
இன்று முழுக்கக் கழுவல். பேரன் தாழிக்குள் இறங்கி, செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பானால் தேய்தேய் என்று தேய்க்கிறான், உள்சுவரில் தேன்மெழுகு பூசியிருக்கிறது. கடைசியாக அள்ளிய தண்ணீரைத் தாத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், மறுபடி முதலிலிருந்து. "நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை" என்று இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு முதுகுவலி இருக்கிறது.

செப்டம்பர் 30
ர்காட்சிதெலி பறித்தோம், வெள்ளைத் திராட்சை. குடைந்த மரத்தொட்டியில் கொட்டிக் காலால் மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாமே தாழிக்குள். ஈஸ்ட் வாங்குவதில்லை, பழத்தோடு வருவதே போதும்.

அக்டோபர் 3
தாழிக்குள் சாறு நொதித்துக் கொதிக்கிறது! தோல் மேலே வந்து கெட்டியாக மூடிக்கொள்கிறது, ஒரு நாளில் பல தடவை நீளக் கழியால் அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேல்பகுதி காய்ந்து புளித்து வினிகர் வாடை ஏறிவிடும். குனிந்து எட்டிப் பார்க்காதே என்று திட்டு விழுந்தது, கரியமில வாயுவாம், மூச்சு முட்டும்.

அக்டோபர் 9
2013-ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, இந்த நாட்டில் 8000 வருடத்துக்கு முந்தைய பானையோடுகளில் ஒயின் தடயம் கிடைத்தது, எல்லாம் சரி. சாப்பாட்டு மேஜையில் பேச்சு என்னவோ 2006-ல் ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யா போட்ட தடையைப் பற்றித்தான். 2013 வரை அந்தப் பெரிய சந்தையே கிடையாது.

அக்டோபர் 20
தோல் அடியில் இறங்கிவிட்டது. மூடி போட்டு ஈரக் களிமண்ணால் அடைத்தாயிற்று, இனி வசந்தத்தில்தான் திறப்பார்கள். அடி கூம்பி இருப்பதால் விதை முதலில் போய் உட்கார்ந்துவிடும், அதனால் கசப்பு அதிகம் இறங்காதாம். போன வருடத்து ஒயின் தேநீர் நிறத்தில், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு இருந்தது. முதல் கிளாஸில் பிடிக்காமல் போனால் தப்பில்லை, சாப்பாட்டோடு குடித்தால்தான் அதன் ருசி தெரிகிறது. வடித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காய்ச்சி சாச்சா என்ற சாராயம் எடுக்கிறார்கள். ஒரு மடக்குக் குடித்தேன், தொண்டை எரிந்தது. எனக்கு ஒயினே போதும்.