சிவப்பு மையில் வட்டமிட்ட 1956

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்காக நான் எழுதிய முதல் மாதிரித் தேர்வில், ‘இந்திய நீர்வள மேம்பாட்டில் அம்பேத்கரின் பங்கு’ என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி வந்தது. பூனா ஒப்பந்தம், இட ஒதுக்கீடு என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். தண்ணீரைப் பற்றி ஒரே வரிதான்: 1956இல் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டத்தை அவர் கொண்டுவந்தார். திருத்தியவர் ஆண்டை வட்டமிட்டு, ‘1951இலேயே அமைச்சரவையை விட்டு விலகியவர் எப்படி?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். மூன்று மதிப்பெண்.

பல குறிப்பேடுகளில் இந்தத் தவறு இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படை, அரசியலமைப்பின் 262ஆம் பிரிவு. அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவர் என்பதால் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடுகிறோம்.

அதன் பிறகு எந்தத் தலைவரைப் படித்தாலும், எந்த ஆண்டில் எந்தப் பதவியில் இருந்தார் என்பதை முதலில் எழுதிக்கொள்கிறேன். அம்பேத்கருக்கு அது 1942 முதல் 1946 வரை, வைஸ்ராய் நிர்வாக சபையின் (அன்றைய மத்திய அமைச்சரவை போன்றது) தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள்தான் இருந்தன! இது தெரிந்ததும் விடையில் பாதி தானாகவே வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு தாமோதர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1943 வெள்ளத்தில் கரை உடைந்து, கல்கத்தாவுக்கான ரயில் பாதையே துண்டிக்கப்பட்டது. அதுவரை கரையை உயர்த்துவதே வைத்தியமாக இருந்தது. மேலே அணைகள் கட்டி வெள்ளத்தைத் தடுப்பது, அதே நீரில் பாசனம், மின்சாரம் என்ற பல்நோக்குத் திட்டத்தை அம்பேத்கரின் துறை முன்னெடுத்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் முன்மாதிரி. அங்கிருந்தே வூர்டுவின் என்ற பொறியாளர் வரவழைக்கப்பட்டார். 1935 இந்திய அரசுச் சட்டப்படி தண்ணீர் மாகாணங்களின் கையில் இருந்தது. ஆறோ பீகார், வங்காளம் இரண்டிலும் ஓடியது. மத்திய அரசு, இரு மாகாணங்கள் என மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததுதான், என் பார்வையில், அணையைவிடக் கடினமான வேலை. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல்தான் பிறந்தது. அப்போது அவர் சட்ட அமைச்சர். ‘அம்பேத்கர் தொடங்கினார்’ என்று எழுதாமல் ‘அடித்தளமிட்டார்’ என்று எழுதுங்கள்.

1945இல் அதே துறையின் கீழ் உருவான மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையத்தையும் விடாதீர்கள். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அதுதான். அதன் முதல் தலைவர், பொறியாளர் ஏ.என்.கோஸ்லா. பொறியாளர்களின் பெயரைச் சொல்வதால் அம்பேத்கரின் பெருமை குறைந்துவிடாது. விடை துதிப்பாடலாகாமல் தப்பிக்கும்.

இரண்டு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி எழுதினேன். தாமோதரிலேயே மூழ்கி நேரம் தீர்ந்துவிட்டது. 1945 நவம்பரில் கட்டாக்கில், மிகுதியான நீரைத் தீங்கென நினைப்பதே தவறு, அதைத் தேக்கிப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் பேசியதும், மகாநதியின் ஹிராகுட் அணைக்கு 1946இல் அடிக்கல் நாட்டப்பட்டதும் தாளில் ஏறவில்லை. இந்த முறை ஒன்பது மதிப்பெண். ஓரத்தில் அதே சிவப்பு மை: ‘ஒடிசா எங்கே?’