அங்கிட்டும் நூறு நாள் வேலை

மலைக்குப் போவதற்கு முந்தின நாள் அப்பத்தாவுக்கு வீடியோ கால் போட்டேன். தலையில் ஹெல்மெட், காலில் முட்டி வரை ஏறும் பூட்ஸ், கையில் மண்வெட்டி. பயிற்சி முடித்த பெருமையில் நின்றேன். அப்பத்தா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். “ஏய்யா, அங்கிட்டும் நூறு நாள் வேலை குடுக்குறாய்ங்களா?”

சித்தி சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் எங்கள் வீட்டு ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுருக்கென்றுதான் இருந்தது. நான் பிறந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து அத்தை போட்ட மனுவுக்கு, எனக்கு இருபது முடியும்போதுதான் கிரீன் கார்டு வந்தது. போடிக்குப் பக்கத்தில் கிணற்றோடு இருந்த ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். அப்பா இப்போது ஓர் இந்தியக் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறார். நான் போய்ச் சேர்ந்தது கலிபோர்னியா கன்சர்வேஷன் கோர், காடு மலைகளைப் பராமரிக்க அந்த மாநில அரசு இளைஞர்களை வைத்து நடத்தும் படை. எழுத்துக் கூட்டினால் கடைசி வார்த்தை ‘கார்ப்ஸ்’ என்று வரும். அப்படிச் சொன்னால் பிணம் என்று அர்த்தமாகிவிடும். நேர்காணலில் நான் அப்படித்தான் சொன்னேன்.

1976-இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் தொடங்கியது இது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு. கடும் உழைப்பு, குறைந்த கூலி, படுமோசமான சூழ்நிலை, இன்னும் பல என்பதையே ஆள் சேர்க்கும் வாசகமாக வைத்திருக்கிறார்கள். நம்மூர் வேலை விளம்பரம் எதிலாவது இவ்வளவு உண்மை உண்டா?

அப்பத்தா சொன்னதும் ஒன்றும் தப்பில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. இதற்கெல்லாம் மூத்தது, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933-இல் ஆரம்பித்த காடு வளர்ப்புப் படை. வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகவே வந்தது. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், “அஞ்சு டாலரை எதுக்கு அவன் கையில குடுத்தாய்ங்க, பீடி குடிக்கவா?” என்று கேட்டிருப்பாள்.

எங்கள் குழுவுக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவில், டுவாலமி புல்வெளிக்கும் அப்பால், மலைப்பாதை செப்பனிடும் வேலை. போன் கிடையாது. 1964-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தக் காட்டுக்குள் மோட்டார் கருவிகளும் ஆகாது. மரம் விழுந்து கிடந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து மாதிரி ஒரு கருவி உண்டு, பெயர் புலாஸ்கி. கடப்பாரை கடப்பாரையேதான். பாறையை நெம்பும்போது ஏலேலோ பாட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது. கரடிக்குப் பயந்து பற்பசையைக்கூட இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் பழகிவிட்டது. பருப்புதான் வேகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு. சாம்பார் வைக்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். 8,600 அடிக்கு மேலே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்றுதான் கொதிக்கிறது, சூடுதான் போதவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்டியால் அள்ளினால் துவரம்பருப்பு முத்து முத்தாக, போட்டது போட்டபடி நிற்கிறது. “மொறுமொறுப்பா நல்லா இருக்கு” என்றான் டெக்சாஸ்காரன் ஒருவன். அவன் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். பரீட்சைக்கு வெளியே நான் எழுதிய முதல் தமிழ்க் கடிதம். நலம், நலமறிய ஆவல். உடனே குக்கர் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, கோவேறு கழுதை ஒன்றின் முதுகில், உருளைக்கிழங்கு மூட்டைக்கும் தபால் பைக்கும் நடுவே அம்மாவின் ஐந்து லிட்டர் குக்கர் மலையேறி வந்தது. உள்ளே பழைய சேலைத் துணியில் சுற்றிப் பெருங்காய டப்பா. டப்பாவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே பருப்பை ஏற்றினேன். முதல் விசில். இரண்டாவது விசில். மூன்றாவது அடித்ததும் கீழே ஓடைப் பக்கமிருந்து குழுத்தலைவி முதலுதவிப் பையோடு மூச்சிரைக்க ஓடி வருகிறாள், பின்னால் நான்கு பேர். மலையில் மூன்று விசில் என்றால் யாருக்கோ உயிராபத்து என்று அர்த்தமாம். பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். அடுப்பைப் பார்த்ததும் எனக்கு அது மறந்துபோயிற்று. எங்கள் வீட்டில் மூன்று விசில் என்றால் பருப்பு வெந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்குச் சாம்பார் மிஞ்சவில்லை. ஊரே கிடைத்துவிட்டது மாதிரி படுத்தேன், ஆனால் தூக்கம் வரவில்லை. ரசத்துக்கு என்ன செய்வது?

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் இடியோடு கொட்டியது. மலைப்பாதையில் மழைநீர் இறங்கி ஓட விட்டால் பாதையே ஓடையாகிவிடும். அதனால் அங்கங்கே குறுக்கே, கொஞ்சம் சாய்வாகக் கல் வரிசை புதைத்துத் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அவர்கள் அதை வாட்டர் பார் என்கிறார்கள். எனக்கு அது மடை. இடி ஓய்ந்ததும் நான் வைத்த மடையைப் பார்க்கப் போனேன். பைன் ஊசிகளைச் சுமந்துகொண்டு பழுப்பாக வந்த தண்ணீர் முதல் கல்லில் முட்டி, ஒரு நொடி தயங்கி, இடது பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கியது. பூட்ஸைக் கழற்றிவிட்டு அதில் காலை வைத்தேன். பனி உருகியது போல் சில்லென்றிருந்தது. ஊரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ராத்திரியில் வெதுவெதுப்பாக இருக்கும். மும்முனைக் கரண்டு வரும் நேரம் பார்த்து ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அப்பா எழுந்து போவார். நான் தூக்கக் கலக்கத்தில் டார்ச் பிடிப்பேன். “மடையில அடிடா, என் மூஞ்சில ஏண்டா அடிக்கிற?” என்பார். இந்தக் கருமத்துக்கெல்லாம் வரமாட்டேன், படித்து வெளிநாடு போய்விடுவேன் என்று அங்கே நின்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதவில்லை. மடை கட்டினேன், தண்ணீர் திரும்பியது என்று மட்டும் அடுத்த கடிதத்தில் ஒரு வரி போட்டேன். அப்பா பதில் எழுதுவார் என்று நினைக்கவே இல்லை. கடை பில்லின் பின்பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

“தம்பி, மடை வாயில் வண்டல் சேரும். ஒவ்வொரு மழைக்கும் வழித்து விடு. கல்லுக்கு அடியில் பொடிக்கல் போட்டு இடித்தாயா? இல்லை என்றால் அடுத்த வருஷம் நிற்காது. சாய்வு எவ்வளவு வைத்தாய், எழுது. அம்மா சுகம். கூலி பேங்கில் ஏறிவிட்டதா என்று அப்பத்தா கேட்கச் சொன்னது.”