படத்தைக் காட்டி மிரட்டியவன் மீது புகார் கொடுத்தோம்

ஆன்லைன் கேமில் பெண் பெயரில் பழகிய ஒருவன், என் அக்கா மகனிடம் அந்தரங்கப் படம் வாங்கிவிட்டான். கொஞ்ச நேரத்திலேயே பணம் கேட்டு மிரட்டல். பிளஸ் ஒன் படிக்கும் பையன், சாப்பிடாமல் முடங்கிக் கிடந்து கடைசியில் என்னிடம் சொன்னான். "எல்லாத்தையும் அழிச்சிடு, நம்பரை மாத்திடலாம்" என்று அக்கா அழுதார். அழித்துவிட்டால் எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கணக்கின் பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் அதன் லிங்க்கையும் காப்பி செய்தோம். தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், பணம் போடச் சொன்ன யுபிஐ ஐடி, எல்லாம் எடுத்த பிறகுதான் பிளாக் செய்தோம். பணம் அனுப்பவில்லை, ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். சொந்தக்காரர் ஒருவர் "அந்தப் படத்தை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்" என்றார். முடியாது என்றேன். 18 வயது நிரம்பாதவரின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம்.

சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். "பையனுக்குமா போக்சோ?" என்று அக்கா கேட்டார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த அந்தச் சட்டத்தில் ஆண், பெண் என்ற பிரிவினை இல்லை. ஆனால் ஸ்டேஷனில் "பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், வருபவர் சீருடையில் இருக்கக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னேன்.

சுடிதாரில் ஒரு பெண் எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தார். "சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்தார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினார். 'படம் அனுப்பினேன்' என்ற வரி வந்ததும் பையன் தலை நிமிர்ந்து, "திரும்பத் திரும்பக் கேட்டான், அதையும் எழுதுங்க மேடம்" என்றான். எழுதினார். அன்றைக்குத்தான் அவன் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உதவியது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அந்தத் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

வழக்கு நடக்கிறது. பையன் கவுன்சிலிங் போய் வருகிறான். வீட்டில் சொல்லவே முடியாத பிள்ளைகள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தாங்களே போன் செய்யலாம்.