தலைக்கு நூறு கிராம்

காலையில் வருகை எடுத்து முடித்ததும் சத்துணவு மையத்துக்கு ஓர் எண் வந்து சேர வேண்டும்: இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்? அது தெரியாமல் உலையில் அரிசி விழாது. அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தலைவர்களின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு எல்லாமே இந்தத் தலைக்கணக்கிலிருந்துதான்.

ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150. சின்னவர்கள் 38 பேர், பெரியவர்கள் 24 பேர் வந்திருந்தால் 3 கிலோ 800, 3 கிலோ 600, ஆக மொத்தம் 7 கிலோ 400. முட்டை 62. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதையெல்லாம் நிறுத்துக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். காலிச் சாக்குக்குக்கூடக் கணக்கு உண்டு. பெயர்ப்பட்டியலில் இருக்கிற எண்ணை எழுதிவிட்டுக் குறைவாக வடிப்பதும் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் தினசரி எண்ணிக்கையைக் கைபேசி வழியாக மேலே அனுப்பும் முறை வந்தது. அதை நான் முழு மனதோடு வரவேற்றேன். ஒழுங்காக எழுதுகிறவருக்கு அது பாதுகாப்பு.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வரும். முட்டை ஒப்பந்தக்காரர் மூலமாக. எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒன்றிய அரசு அரிசியை இலவசமாகத் தருகிறது, சமைக்கும் செலவை 60-க்கு 40 என்று மாநிலத்தோடு பகிர்ந்துகொள்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சாப்பாடு மாநிலத்தின் சொந்தச் செலவு. காய்கறிக்கும் தாளிப்புச் சாமானுக்கும் விறகு, கேஸுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, உணவூட்டுச் செலவினம் என்ற பெயரில் கணக்கில் ஏறும். ஏறும்வரை கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கி ஓட்டுவது அமைப்பாளர் பாடு.

தலைக்கு இவ்வளவு என்ற இந்த முறை நூறாண்டு பழையது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்பது அதன் நிபந்தனை. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்கக் கூடாதென்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925-ல் அது நின்றுபோனது. 1956-ல் காமராசர் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியதுதான் சத்துணவு. அந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படி உள்ளே வந்த எத்தனையோ பெண்கள் அந்தச் சம்பளத்தை வைத்தே பிள்ளைகளைக் கரைசேர்த்தார்கள். இன்றுவரை அவர்களுக்கு முறையான காலமுறை ஊதியம் இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, படிப்படியாகக் கூடி 2010-ல் வாரம் ஐந்தானது. முட்டை சில நாள் மட்டும் போட்ட காலத்தில் அந்த நாள்களில் வருகை கூடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பசிக்காகப் பள்ளிக்கு வருவதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அந்தப் பதிவேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும். வந்த பிள்ளை உட்கார்ந்து படித்துவிட்டுத்தானே போகிறது!

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் மையத்தில் எந்தப் பிள்ளையிடமும் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் குடும்ப வருமானத்தைப் பார்த்து இலவசம், குறைந்த விலை, முழு விலை என்று மூன்றாகப் பிரிக்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. கலிபோர்னியா மாதிரியான சில மாநிலங்கள் இப்போதுதான் எல்லாருக்கும் இலவசம் என்று மாறியிருக்கின்றன. தட்டை நீட்டும்போது ‘நீ ஏழையா’ என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளை அடுத்த நாள் தட்டே கொண்டுவராது.

பரிமாறுவதற்கு முன் பெரியவர்கள் ருசி பார்ப்பது கட்டாயம். அதைச் சடங்காக நினைக்கிற மையங்கள் உண்டு. 2013 ஜூலை 16-ல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் பூச்சிமருந்து கலந்த சாப்பாட்டால் 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதே ஜூலை 16, 2004-ல், கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொன்ற தீ, சமையல் நடந்த கூரைக் கொட்டகையிலிருந்துதான் பரவியது. இரண்டையும் மறந்துவிட்டு யாரும் அடுப்பு மூட்டக் கூடாது.

இப்போது என்னை வாட்டுவது சின்னப் பள்ளிகள். கிராமங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒன்பது பேர் படிக்கும் பள்ளிக்குத் தலைக்கணக்கில் 900 கிராம் அரிசி. அதை வடிப்பதற்கான தண்ணீர் கொதிக்க எடுக்கும் நெருப்பு, பிள்ளைகள் குறைந்த அளவுக்குக் குறைந்துவிடாது. அறுபது பேருக்கு சாம்பார் வைக்கும்போது தக்காளி விலை ஏறினால் கத்தரிக்காயைக் கூட்டி, தக்காளியைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஒன்பது பேரின் காசில் சமாளிக்க எதுவும் மிஞ்சாது. அமைப்பாளர் இடம் காலியாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் ஒரே காலையில் இரண்டு, மூன்று மையங்களுக்கு அரிசி நிறுத்துக் கொடுக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022-ல் வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் இரண்டு வேளையும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். அப்படியானால் அந்தச் சின்ன அடுப்பு அணையாமல் இருப்பது முன்னைவிட முக்கியம்.

பெரிய சமையற்கூடத்தில் மொத்தமாகச் சமைத்து வண்டியில் அனுப்பினால் செலவு குறையும் என்கிறார்கள். நெருக்கமான நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். கிராமத்துக்கு நான் ஒப்பமாட்டேன். எந்தப் பிள்ளை நேற்று காய்ச்சலில் கிடந்தது, எது இரண்டாம் முறை கேட்க வெட்கப்படும் என்று கரண்டி பிடிக்கிற அம்மாவுக்குத் தெரியும். என் கோரிக்கை ஒன்றுதான்: இருபத்தைந்து பேருக்குக் குறைவான மையங்களுக்கு எரிபொருளுக்கும் காய்கறிக்கும், தலைக்கணக்கோடு சேர்த்து, மையத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு நிலையான தொகை வேண்டும்.