விசில்

ஜூன் 2
வண்டியை என் பெயருக்கு மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. 2014 மாடல் டீசல் கார், மீட்டரில் 86,000 கிலோமீட்டர். அப்பா முன் சீட்டில் ஏறி பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார். "லிட்டருக்கு எவ்வளவுப்பா குடுக்கும்?"

ஜூன் 5, வெள்ளி
மதுரை ஆஸ்பத்திரிக்கு முதல் ஓட்டம். பஸ்ஸில் போனால் உசிலம்பட்டி வருவதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும். இன்று ஆண்டிபட்டி தாண்டும்போதே தூங்கிவிட்டார். மிதித்தால் மெல்லிய விசில் ஒன்று வருகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுற்றுகிற சத்தமாம். எனக்குப் பிடித்திருக்கிறது. ரேடியோவை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ஜூன் 9, செவ்வாய்
ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி விசிலடித்து விரட்டினார். அவசரமாக வண்டியை அணைத்துவிட்டு வீல்சேர் தேட ஓடினேன். திரும்பியதும் டிப்ஸ்டிக் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. பழைய வண்டிதானே.

ஜூன் 13
இன்னும் கீழே. வாசலில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போகிறது?

ஜூன் 14
விசில் கூடியிருக்கிறது. மனைவிக்குக் கேட்கவில்லையாம்.

ஜூன் 16, செவ்வாய்
திரும்பி வரும்போது, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில். முதலில் பிக்கப் செத்தது. மூன்றாவது கியரில் திணறி, இரண்டாவதுக்கு மாற்றினால் அதிலும் இழுக்கவில்லை. செக் எஞ்சின் லைட் எரிந்தது. விசில் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளையிட்டது, அப்புறம் பட்டென்று நின்றது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, நீலமும் வெள்ளையுமாய்ப் புகை. எதிரே வந்த லாரிக்காரர் கையை வெளியே நீட்டி நிறுத்து நிறுத்து என்றார்.

அப்பா பின் சீட்டில் படுத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் திரும்பும்போது அவருக்குப் பேசத் தெம்பிருக்காது. "வந்துருச்சா வீடு?" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு ஆம்னி வேன் கிடைத்தது. வண்டி அங்கேயே நிற்கிறது.

ஜூன் 17
தூக்கமில்லை. வண்டி பார்க்கப் போன அன்று பானட் சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிற எஞ்சினை ஸ்டார்ட் செய்திருந்தால் புகை அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும். தொட்டுப் பார்த்தேன். சூடு என்று தெரிந்தும் எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 18
ஸ்கேனரில் பி 0299. டர்போ போதுமான காற்றழுத்தம் கொடுக்கவில்லை என்கிற பிழைக் குறியீடு. மெக்கானிக் அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன விசிறியை விரலால் ஆட்டிக் காட்டினார். மேலும் கீழும் ஆடியது. இறக்கை நுனிகள் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தன. அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கவிழ்த்ததும் ஆயில் கொடகொடவென்று கொட்டியது. என் டிப்ஸ்டிக் கணக்கு அங்கே இருந்தது.

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமானாம் அது. பேரிங்கைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். ஹைவேயில் வேகமாக வந்து பட்டென்று அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும், டர்போ விசிறியோ சுற்றிக்கொண்டிருக்கும், தங்கின ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். "ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணணும்ணே."

ஹோஸில் தேங்கின ஆயிலையே டீசலாக எரித்துக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் அலறும் எஞ்சின்களை அவர் பார்த்திருக்கிறாராம். கணவாயில் அப்படி ஆகியிருந்தால்? அப்பா பின்னால் படுத்திருக்கும்போது?

ஜூன் 19, வெள்ளி
பஸ். உசிலம்பட்டியில் வாந்தி.

ஜூன் 20
புரோக்கர் நான்காவது முறைதான் போனை எடுத்தார். "பாத்துத்தானே சார் வாங்குனீங்க." இன்சூரன்ஸில் மோதினால்தான் காசு, தானாகத் தேய்ந்து போனால் கிடையாது. முழு டர்போ மாற்ற 42,000, உள்ளே சுற்றுகிற பாகமான கோர் மட்டும் என்றால் 17,500. கோர்.

ஜூன் 21
வண்டியை அணைத்த இடங்களை எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல், பெட்ரோல் பங்க், உசிலம்பட்டி டீக்கடை. பதினொன்று. பதினொரு தடவையில் ஒரு டர்போ போகுமா?

ஜூன் 24
போகாது. டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பை மெக்கானிக் அண்ணன் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே டிகாக்‌ஷன் மண்டி மாதிரி கரி, ஊசி நுழையும் அளவுதான் ஓட்டை. வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டினால்தான் இப்படி அடையுமாம். 86,000 என்பதை அவர் நம்பவே இல்லை. எனக்கு நெஞ்சு லேசானது. அதற்குள், "நீங்களும் கொஞ்சம் சேத்திருப்பீங்கண்ணே" என்றார். அதை ஏன் சொல்லவேண்டும்?

பைப் புதுசு, ஆயில் தேங்கும் சம்ப்பும் சல்லடையும் கழுவி, இன்டர்கூலரைச் சுத்தம் செய்து, ஆயில், ஃபில்டர் எல்லாம். பழைய பைப்பை விட்டுவிட்டால் புதுக் கோரும் ஒரே வாரத்தில் போய்விடுமாம்.

ஜூன் 26, வெள்ளி
பஸ். திரும்பும்போது அப்பா, "எனக்காகத்தானே வாங்குன, வித்துருப்பா" என்றார். சத்தம் போட்டுவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூலை 1
முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கோரின் ஓட்டையில் ஆயில் ஊற்றி, விசிறியைக் கையால் சுற்றிவிட்டார். குழந்தைக்குச் சேனை வைக்கிற மாதிரி இருந்தது. புகை இல்லை.

ஜூலை 3, வெள்ளி
ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு அறுபது வரை எண்ணினேன். செக்யூரிட்டி கண்ணாடியைத் தட்டினார். நாற்பதுதான் ஆகியிருந்தது. அவர் கத்தினார், நான் எண்ணினேன்.

ஜூலை 7, செவ்வாய்
கணவாய் மூன்றாவது கியரிலேயே ஏறியது. அப்பா விழித்துத்தான் இருந்தார்.

"அந்த விசிலு எங்கப்பா?"

அவருக்கும் கேட்டிருக்கிறது.

ஜூலை 10
டிப்ஸ்டிக் ஒரு நூல் கீழே.