ஹீட்டர் போட்டால் ஏறும் பெட்ரோல் முள்

போன டிசம்பரில், இங்கிலாந்தின் நார்தாம்ப்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு போகும் வழியில், பிராக்லியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். முள் முக்கால் டாங்குக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு குழாயைச் செருகினேன். நிரம்பியபோது பம்பில் 27 லிட்டர் காட்டியது. என் வண்டி எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் டாங்க் 12 கேலன், அதாவது சுமார் 54 லிட்டர். அப்படியானால் அரை டாங்க்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

இது 1972-ல் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான திறந்த கூரை வண்டி. நான் ஆசைப்பட்டு வாங்கியது. டேஷ்போர்டில் ஏதோ கோளாறு என்று முன்பே தெரியும். இரவில் மீட்டர் விளக்குகள் அணையப்போகும் சிம்னி போல மங்கலாக எரியும். ஹீட்டர் விசிறி முனகிக்கொண்டு சுற்றும். ஆனால் இவை தனித்தனிக் கோளாறுகள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று திரும்பி வரும்போது சோதித்துப் பார்த்தேன். ஹீட்டரைப் போட்டால் பெட்ரோல் முள் மெதுவாக ஏறுகிறது, எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் நடுங்குகிறது. அணைத்தால் அரை நிமிடத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

வேர் எது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் தவறான இடத்தில் போயிற்று.

இந்த வண்டிகளில் பெட்ரோல் மீட்டருக்கு நேராக 12 வோல்ட் போகாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டி உண்டு, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி விலகும், ஆறி ஒட்டும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட்டில் மீட்டரை நிறுத்துகிறது. முள் ஏறுகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் இதன் மேல்தான் போகும். நானும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஃபியூஸ்களைக் கழற்றி, பச்சை பிடித்திருந்த பிடிகளை எமரி பேப்பரால் தேய்த்தேன். விசிறி ஒரு துளி வேகமெடுத்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான்.

அடுத்து எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உலோக பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. இங்கேதான் நான் ஏமாந்தேன், பலரும் ஏமாறுவதும் இங்கேதான். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து, டேஷ்போர்டின் கறுப்பு வயருக்கும் பாடிக்கும் நடுவே அளந்தேன். 0.3 காட்டியது. மல்டிமீட்டரின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டும். சரி, எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். ஓம்ஸில் வைக்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். பத்து இழை உள்ள வயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது போய் வந்துவிடும். ஆறு ஆம்பியர் இழுக்கும் விசிறி அந்த ஒற்றை இழையில் என்ன செய்யும் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

சொல்லக்கூடிய அளவு வேறு. விசிறி, விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எர்த் பக்கம் எவ்வளவு வோல்ட் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறு முனை சந்தேகப்படும் எர்த்தில். நல்ல எர்த் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்.

இந்த வண்டியில் பேட்டரி எஞ்சின் பக்கம் கிடையாது. சீட்டுக்குப் பின்னால், தளத்துக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைத்திருக்கும். மூன்று மீட்டர் நீளமுள்ள வயர் ஒன்றை எடுத்து, பாடிக்குப் போகும் நெகட்டிவ் கம்பத்தில் மாட்டி, முன்னால் இழுத்து வந்தேன். இரண்டு பேட்டரிக்கும் நடுவே உள்ள இணைப்பில் தெரியாமல் மாட்டினால் மீட்டர் ஆறு வோல்ட்டைக் காட்டிக் குழப்பும். இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பாசிட்டிவ் கம்பத்திலிருந்து அளக்க வேண்டும்.

முதலில் பாடியின் வெறும் உலோகம்: 0.05 வோல்ட். நன்று. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிளாக்: 0.2. அதுவும் பரவாயில்லை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனி எர்த் பட்டை உண்டு. அது அறுந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் (குளிரில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் கைப்பிடியின் கேபிள்) வழியாக ஓடி, கேபிள் புகைந்துவிடும். சோக் கைப்பிடி சூடாக இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

அப்புறம் ஆர்பிஎம் மீட்டரின் பின்னால் இருக்கும் கறுப்பு வயர். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து முனையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் என் மனைவி மல்டிமீட்டரோடு.

"இப்ப எவ்வளவு?"

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு."

"ஹீட்டரைப் போடு."

"ரெண்டு புள்ளி ஒண்ணு. என்னங்க, பெட்ரோல் முள்ளும் ஏறுது பாருங்க!"

அந்த ஒரு எண்ணில் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. டேஷ்போர்டின் எர்த்தே 2 வோல்ட் உயரத்தில் மிதக்கிறது. ஸ்டெபிலைசர் தன் எர்த்திலிருந்துதான் 10 வோல்ட்டைக் கணக்கிடும். அதன் தரையே இரண்டு வோல்ட் ஏறிவிட்டால், அது கொடுப்பது உண்மையில் 12. டாங்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் ஃப்ளோட்டோ வண்டியின் பின்பக்கம் பாடியில் நேராக எர்த் ஆகிறது. அதற்கு இந்த ஏற்றம் தெரியாது. ஆகவே மீட்டரில் கூடுதல் மின்சாரம் ஓடி முள் ஏறுகிறது. விசிறிக்கும் விளக்குகளுக்கும் அந்த 2 வோல்ட் நஷ்டம். பாவம், ஸ்டெபிலைசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, டார்ச்சைக் கடித்துக்கொண்டு கறுப்பு வயர்களைப் பின்தொடர்ந்தேன். முன்பு யாரோ ஹீட்டரின் கறுப்பு வயரை டேஷ்போர்டின் கறுப்பு வயர்களோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே தகர ஸ்க்ரூவில் மாட்டியிருந்தார்கள். வண்டிக்குப் புது பெயின்ட் அடித்த பிறகு, அந்த பெயின்ட் மேலேயே. ஸ்க்ரூவைக் கழற்றியதும் ரிங் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் பளபளவென்று முழுசாக இருந்தது. உலோகத்தைத் தொட்டது ஸ்க்ரூவின் மரை மட்டும்தான். அந்த ஓட்டையிலிருந்து காப்பித் தூள் நிறத்தில் துரு உதிர்ந்தது. டெர்மினலின் கழுத்து சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. வயரை லேசாக வளைத்ததும் கருகிய இழைகள் பொலபொலவென்று ஒடிந்தன. மிச்சம் மூன்று.

சரிசெய்ய அரை நாள் போதும். பெயின்ட்டை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினேன். ஸ்க்ரூவுக்குப் பதிலாக நட்டு போல்ட், நடுவே பல் வாஷர். கருகிய பகுதியை வெட்டி எறிந்து, புது டெர்மினல்களை கிரிம்ப் செய்தேன். ஹீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி எர்த், தனி போல்ட். இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். விசிறி மாதிரி அதிகம் இழுக்கும் பொருளையும் மீட்டர்களையும் ஒரே எர்த்தில் கட்டவே கூடாது. மீட்டர்களைப் பிடித்திருக்கும் திருகு நட்டுகளையும் கழற்றித் தேய்த்தேன். விளக்கு பல்புகளுக்கு மீட்டரின் உடம்புதான் எர்த். எல்லாம் இறுக்கிய பிறகு, ஈரம் ஏறாமலிருக்க மேலே வாசலின் பூசினேன்.

பேட்டரியை மாட்டி மறுபடி அளந்தோம். ஹீட்டர், விளக்கு எல்லாம் ஓட, 0.04. விசிறியின் முனகல் போய், காற்று கண்ணாடியில் வேகமாக மோதும் சத்தம் கேட்டது. ஆர்பிஎம் முள் அசையவில்லை. மீட்டர் விளக்குகளின் வெளிச்சத்தில் வேக எண்களை முதல் முறையாக உற்றுப் பார்க்காமல் படிக்க முடிந்தது.

ஜனவரியில் மறுபடி அதே பிராக்லி பம்ப். வழியெல்லாம் ஹீட்டர் ஓடியது. முள் அரைக் கோட்டில். 26 லிட்டர் பிடித்தது.