ஓடி ஓடி நிற்கும் கார்: பெட்ரோல் வழியைத் தேடிப் பிடித்தது

என் கார் 1996 மாடல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த சின்ன வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சாலையில் கீரனூரை நெருங்கும்போதுதான் வம்பு. இழுவை குறையும், திணறும், குலுங்கி நின்றுவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

யாரிடம் சொன்னாலும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய் என்றுதான் பதில் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்குள் பெட்ரோல் போகும் நுண்ணிய துளையான ஜெட்டில் அழுக்கு அடைத்திருந்தால் காலையிலும் திணற வேண்டுமே! காய்ச்சல் அடிக்கும்போதுதான் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். ஆகவே ஸ்பானர், டார்ச், உபரி பிளக், தீயணைப்பான் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு, மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு, வண்டி நிற்கட்டும் என்றே கிளம்பினேன்.

எதிர்பார்த்த இடத்தில் நின்றது. முதல் கேள்வி, கரண்டா பெட்ரோலா என்பது. கரண்ட் போனால் பெரும்பாலும் சட்டென்று அறுந்து நிற்கும். திணறி நிற்பது பெட்ரோல் பஞ்சம். இருந்தாலும் பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் ‘இக்னிஷன் காயில்’ சூடேறினாலும் இதே கூத்து நடக்கும் என்பதால், எந்த டியூபையும் கழற்றுவதற்கு முன்பே உபரி பிளக்கை எஞ்சின் உலோகத்தில் வைத்துப் பார்த்தேன். மைத்துனர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, பளிச்சென்று நீலப் பொறி. கரண்ட் நிரபராதி.

அடுத்து கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய கண்ணாடி. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். நடுப்புள்ளியில் நிற்க வேண்டிய மட்டம் கண்ணிலேயே படவில்லை. கிண்ணம் காலி. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேரவே இல்லை என்னும்போது அதைக் கழற்றி என்ன பயன்?

டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தேன், ‘உஸ்’ என்ற சத்தம் இல்லை. டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப் (மெக்கானிக்குகள் வாயில் ‘ஏசி பம்ப்’, குளிர்சாதனம் அல்ல) சூடேறியிருந்தால் ஆறட்டும் என்று அதன் மேல் ஈரத்துணி போடும் பழைய சாலையோர வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். பயனில்லை.

துப்பு கொடுத்தது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டர்தான். வண்டி மறுபடி எடுத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்ரோலோடு குமிழிகள் சரம் சரமாக வந்துகொண்டிருந்தன. ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது. அப்படியென்றால் டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் எங்கேயோ காற்று புகுகிறது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது உறிஞ்சும் பக்கம் என்பதால், விரிசல் இருந்தாலும் பெட்ரோல் வெளியே சொட்டாமல் போகலாம். காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரமில்லை, வாசனையில்லை, எனவே டியூப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. டேங்க் பாதிக்குக் கீழே போனால்தான் வண்டி அதிகம் நிற்கிறது என்பதற்கும் அப்போது காரணம் புரிந்தது. மட்டம் இறங்க இறங்க பம்ப் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில், வெயிலில் சூடேறிய பெட்ரோல் எளிதாக ஆவியாகவும் செய்யும்.

வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறியபின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வண்டியின் அடியில் படுத்தேன். டேங்க்கிலிருந்து வரும் குழாயை இரும்புக் குழாயோடு இணைக்கும் விரல் நீள ரப்பர் டியூப்தான் குற்றவாளி. நேராக இருக்கும்போது குறையே தெரியவில்லை. வளைத்ததும் கிளிப்பை ஒட்டி மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. உள்பக்க ரப்பர் நகம் பட்டாலே உதிர்ந்தது.

வயதும் ஒரு காரணம், எத்தனாலும் இருக்கலாம். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சாதாரண டியூபைத் தவிர்த்து, எத்தனால் தாங்கும் எரிபொருள் டியூப் என்று கேட்டு வாங்கிப் போட்டேன். கிளிப்பும் புதிது, திருகுக் கிளிப்பை முறுக்கித் தள்ளினால் அதுவே ரப்பரை வெட்டிவிடும் என்பதால் அளவாக இறுக்கினேன்.

இப்போது கால் டேங்க் பெட்ரோலில் புதுக்கோட்டை போய்த் திரும்பியாயிற்று. ஃபில்டரில் குமிழி இல்லை. கண்ணாடியில் மட்டம் புள்ளியிலேயே நிற்கிறது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபுக்கும் அதே வயதுதான். அது அழுத்தம் உள்ள பக்கம். விரிசல் விட்டால் சூடான எஞ்சின் மேலேயே பெட்ரோல் பீய்ச்சும். வருகிற ஞாயிறு அதை மாற்றப் போகிறேன்.